கொழும்புக்குப் போன விசாரணை

பதுளையில் நாங்கள் நடத்தும் வீட்டுப் பராமரிப்புச் சேவையில் ஒரு சட்டம் இருக்கிறது. பொலிஸ் அறிக்கை வராமல் எந்தப் பராமரிப்பாளரும் எந்த வீட்டுப் படியையும் தனியாக ஏறக் கூடாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசினேன். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரால் கத்தக்கூட முடியாது, அவரிடம் யாரை அனுப்புகிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றைக்குப் பேசியதில் ஒரு சொல்லைக்கூட நான் இன்றும் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் அறிக்கை வர எவ்வளவு காலம் எடுக்கும் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல எனக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் வேலை பெரிய வைத்தியம் எல்லாம் இல்லை. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவர்கள், ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிடப்பட்டவர்கள், இவர்களுடைய வீடுகளுக்கு ஆள் அனுப்புவோம். போகிறவர் உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருவார். இதற்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள்தான். நகரத்துப் பிள்ளைகள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பசறைக்குப் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போகவேண்டிய தோட்டம் அவளுடையது. முப்பதைத் தாண்டிய வயது. கொழுந்து பறித்துக்கொண்டே மாமியாரைப் பல வருசம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். அதிகம் பேச மாட்டாள். நான் வகுப்பெடுக்கும்போது எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு ஒரு தரம் செய்து காட்டச் சொன்னால், நான் செய்ததைவிட நன்றாகச் செய்வாள். எனக்கு அது பிடிக்காமல் இல்லை, கொஞ்சம் பொறாமை மட்டும் உண்டு.

பயிற்சிக் காலத்தில் ஒரு நாள் அவளை என்னுடன் ஹாலிஎலவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ரயில் பாதையைப் பார்த்த ஒரு வீட்டில், ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் வாதம் வந்து கிடந்தார். பேச்சு குழறும், கோபம் மட்டும் குழறாது. மனைவியைத் தவிர வேறு யார் ஊட்டினாலும் துப்புவார். அந்த அம்மாவுக்கோ முழங்கால் இரண்டும் போய்விட்டது, அவரைப் புரட்ட ஆளில்லை. இவள் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டியை உடனே நீட்டாமல், அவர் பார்க்கட்டும் என்று கையில் வைத்துக்கொண்டே சும்மா இருந்தாள். அவர் முறைத்தார். இவள் கரண்டியை நகர்த்தவில்லை. கடைசியில் அவரே வாயைத் திறந்தார். வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், இந்தப் புள்ளையவே அனுப்புங்க. வேற யாரும் வேணாம்," என்றார். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். பொலிஸ் அறிக்கை மட்டும் வரட்டும் என்றேன்.

அது வந்தால்தானே. விண்ணப்பம் கிராம சேவகரின் கையெழுத்தோடு போய்ச் சேர்ந்தது. அதன்பின் நான் போன் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. விசாரிக்கப் போகவேண்டியவர் லீவில். அவர் வந்தபோது வாகனம் இல்லை. வாகனம் வந்தபோது அவருக்குப் பெரஹரா ஊர்வலத்தில் கடமை. பொய் என்று சொல்ல மாட்டேன், எல்லாமே உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் உண்மைக் காரணங்களும் சேரச் சேர எரிச்சலைத்தான் கிளப்பும். பயிற்சிக்கென்று ஒரு தரம்தான் அவளைக் கூடக் கூட்டிப்போகலாம் என்பதால், நானே வாரத்தில் இரண்டு தரம் ஹாலிஎலவுக்குப் போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து வந்தேன். என் இடுப்பும் பிடித்துக்கொண்டது. அவருக்கு முதுகின் அடியில் தோல் சிவக்கத் தொடங்கியிருந்தது. அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம் என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் மறுபடியும் பொலிஸ் நிலையத்துக்குப் போன் எடுத்தேன். இந்தத் தடவை பேசியவர் கோப்பைத் தேடி எடுத்தே விட்டார்.

"விசாரிச்சாச்சு நோனா," என்றார் சிங்களத்தில். "அந்தப் பொண்ணு தோட்டத்தில் இல்லை. கொழும்புக்குப் போயிருக்கிறாள். அதனால் கோப்பைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டோம்."

அவள் அப்போது எனக்கு நேர் எதிரே, பயிற்சிக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அவ இங்க என் முன்னாலதான் நிக்கிறா," என்றேன்.

"இருக்கலாம் நோனா. ஆனால் கோப்பில் கொழும்பு என்றுதான் இருக்கிறது," என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

போனை வைத்துவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நானும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள்தான். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு யார் வந்து யாருடைய பெயரைச் சொல்லிக் கேட்டாலும் எங்கள் ஆட்கள் ஒரே பதில்தான் வைத்திருப்பார்கள்: அவுங்க கொழும்புக்குப் போயிருக்காங்க. தேடப்படுகிற ஆள் உள்ளே தன் காம்பரா அறையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பார், ஆனாலும் அவர் கொழும்பில்தான். இது சதியோ திட்டமோ இல்லை. நாய் வந்தால் சூ என்கிற மாதிரி, தானாக வாயில் வருவது. இதுவரை அந்தப் பதிலை நம்பிக் கோப்பையே கொழும்புக்கு அனுப்பினவர் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சிரித்துக்கொண்டே அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. விரிப்பைப் பாதியில் விட்டுவிட்டாள்.

"கொழும்புல எங்க அனுப்பியிருக்காங்க மிஸ்?" என்று கேட்டாள்.

நான் திரும்பப் போன் எடுத்துக் கேட்டுச் சொன்னேன். ஒரு பகுதியின் பெயரைச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பயிற்சிக் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது என் இன்னொரு சட்டம், அதை அன்றைக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை.

"நான் சின்னப் புள்ளையா இருக்கப்ப வேல செஞ்ச எடம் அது," என்றாள்.

பிறகு சொன்னாள். நீட்டி முழக்காமல், வேறு யாருக்கோ நடந்ததுபோல் சொன்னாள். பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒரு தரகர் அவளைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குக் கொண்டுபோய் விட்டார். அந்த வீட்டு அம்மாவின் சங்கிலி காணாமல் போனது. வீட்டில் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி இருக்கும்போது சங்கிலியை எடுத்தது யார் என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் தேவைப்படவில்லை. பொலிஸில் கொண்டுபோய் விட்டார்கள்.

"அங்க பெஞ்சியில ஒக்கார வச்சாங்க மிஸ். கேட்டாங்க. எனக்குச் சிங்களம் சரியா வெளங்கல. எடுத்தியான்னு கேட்டதா, எங்க வச்சிருக்கன்னு கேட்டதான்னு தெரியாம எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னேன். அடிச்சாங்க. வீட்டுக்கும் விடல. ரெண்டு ராத்திரி அங்கதான் இருந்தேன்."

"பொறகு?"

"அல்மாரிக்குப் பின்னால கெடந்திச்சாம் சங்கிலி. ட்ரைவர் வந்து கூட்டிட்டுப் போயி பதுளை ரயில்ல ஏத்தி விட்டுட்டாரு."

"வீட்டுல சொல்லலையா?"

"கொழும்புத் தண்ணி ஒத்துக்கலன்னு சொன்னேன். இப்ப வரைக்கும் அதான். எங்க வீட்டுக்காரருக்குக்கூட தெரியாது."

யாரைப் பிடித்துத் திட்டுவது என்று தெரியாததால் தண்ணீர் குடித்தேன். அவள் என்னைப் பார்த்து, "என் பேர அங்க எழுதி வச்சிருப்பாங்கதானே மிஸ்?" என்று கேட்டாள்.

அவளுடைய பயம் வேலை போய்விடும் என்பது மட்டும் இல்லை. அறிக்கையில் திருட்டுச் சந்தேகம் என்று ஒரு வரி வந்தால் அது கிராம சேவகருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் தோட்டத்துக்குத் தெரியும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டில் நிற்கும்போது பின்னால் பேசுவார்கள். இத்தனை வருசம் கொழும்புத் தண்ணீரின் மேல் பழி போட்டு மறைத்து வைத்ததைப் புருசனிடம் வேறு யாரோ வந்து சொல்வார்கள். நான் அவளிடம் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்களா, கைரேகை எடுத்தார்களா என்றெல்லாம் கேட்டேன். இல்லை என்றாள். அப்படியென்றால் பயப்படாதே என்றேன். சொன்னேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் நிச்சயம் இல்லை. அப்படி ஒரு வரி வந்தால் நான் அதைக் கூட்டத்தில் வைத்தே ஆகவேண்டும். அங்கே தலையாட்டினவர்கள் எல்லாரும் என் பேச்சையே எனக்குத் திருப்பிச் சொல்வார்கள்.

"என் பேர எடுத்துருங்க மிஸ். நான் கொழுந்துக்கே போயிர்றேன்," என்றாள்.

"கோப்பு போயிருச்சு. நீ வேணாம்னு சொன்னாலும் அது போன எடத்துல தேடிட்டுத்தான் இருக்கும்," என்றேன். அது உண்மைதான். ஹாலிஎலக்காரரின் முதுகும் என் நினைவில் இருந்தது, அதையும் அவளிடம் மறைக்கவில்லை. அவள் எழுந்து, விட்ட விரிப்பை எடுத்து முழுவதுமாகப் போட்டு முடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய லயத்துக்குப் போனேன். கொழும்பு என்று சொன்னது பக்கத்துக் காம்பரா அக்கா. நான் யார் என்று சொன்னதும், முதலில் என்னையும் சந்தேகமாகத்தான் பார்த்தார். விசயத்தைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது, அதுவும் என் மேல்.

"தொப்பியும் சப்பாத்துமா ஒரு ஆளு வந்து அவ பேரச் சொல்லிக் கேக்குறாரு. இங்கதான் இருக்கா, கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லவா மிஸ்? நாங்க என்னா அப்படிப்பட்ட ஆளுங்களா?"

"சரி அக்கா, அந்த எடத்தோட பேர எதுக்குச் சொன்னீங்க?"

"கொழும்புல எங்கன்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச கொழும்பு அது ஒண்ணுதான். அவ அங்க வேல செஞ்சாதானே?"

அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். அந்த அக்காவின் மேல் அவளுக்கு ஒரு துளி கோபமும் வரவில்லை. உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் ஆற்றாமையாக இருந்தது. பாசத்தில் சொன்ன ஒரு பொய், அவள் எந்த இடத்தை நினைத்துப் பயந்தாளோ அந்த இடத்துக்கே அவள் பெயரைக் கொண்டுபோய் வைத்துவிட்டது. அதை அந்த அக்காவிடம் சொல்லவும் வழி இல்லை.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் பேசினேன், பொலிஸுக்கு எழுதிக் கொடுத்தேன், இன்னொரு விசாரணைக்கு ஏற்பாடு செய்தேன். இரண்டாம் தடவை பொலிஸ்காரர் வந்தபோது லயமே திரண்டு வாசலுக்கு வந்துவிட்டதாம். இவதான் சார், இங்கதான் சார், பொறந்ததுலருந்து இங்கயே இருக்கா, எங்கயும் போகல சார் என்று ஆளுக்கு ஒரு பக்கம் சத்தம். பக்கத்துக் காம்பரா அக்கா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினாராம். ஒரு பிஸ்கட் தட்டும் வந்திருக்கிறது. இவ்வளவு நல்லவளைப் பற்றி எதற்கு விசாரிக்கச் சொன்னார்கள் என்று அந்த மனுசனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நல்லவேளை, அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

ஆனாலும் கொழும்புக்குப் போன கோப்பு திரும்பி வராமல் எதுவும் முடியாது என்றார்கள். மறுபடியும் காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பு முதல் தடவை மாதிரி இல்லை. முன்பெல்லாம் அறிக்கை ஏன் இன்னும் வரவில்லை என்று சத்தம் போட்டவள், இப்போது தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வராமலே போகட்டும் என்றும் நினைத்தேன். அவள் காலையில் கொழுந்துக்குப் போவாள், பயிற்சி நாட்களில் மட்டும் இங்கே வருவாள். அறிக்கை பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். இளைத்துப்போனாள். ஹாலிஎல அம்மாதான் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவளப் பத்தி பொலிஸ் என்னா மிஸ் புதுசா சொல்லப்போவுது? அவ கைய நான் பாத்துட்டேனே."

"சட்டம்மா, நான் என்ன செய்ய," என்பேன். புண் வாய் திறந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போனார், புரட்டுவதற்கு ஆள் இருந்தால் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு.

அறிக்கை ஒரு நாள் காலையில் வந்தது. உறையை நின்றபடியே கிழித்தேன். சிங்களத்தில் நாலைந்து வரிகள். ஒரு தரம் வாசித்தேன், நம்பாமல் இன்னொரு தரம் வாசித்தேன், உடனே அவளுக்குப் போன் எடுத்தேன். மலையில் இருந்திருக்கிறாள், கொழுந்துக் கூடையோடு. நல்ல செய்தி, வா என்று மட்டும் சொன்னேன். மத்தியானத்துக்குள் உடுப்பு மாற்றிக்கொண்டு பஸ் பிடித்து வந்து நின்றாள்.

"வாசிச்சுச் சொல்லுங்க மிஸ்," என்றாள், உட்காராமலே.

"உனக்கு எதிரா எந்தப் பொலிஸ் நிலையத்துலயும் எந்தப் பதிவும் இல்லன்னு எழுதியிருக்கு."

"கொழும்புல?"

"கொழும்புலயும் தேடிப் பாத்துட்டாங்க. அந்த எடத்துப் பேரும் போட்டிருக்கு பாரு. ஒண்ணுமே இல்ல. உன் பேரே அங்க இல்லையாம்."

அவள் அழுவாள், அல்லது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மேசைக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் அந்தத் தாளைக் கையில் வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைப் பார்த்தாள்.

"எழுதவே இல்லையா மிஸ்?"

"இல்ல."

"ரெண்டு ராத்திரி வச்சிருந்தாங்களே. அதக்கூட எழுதலையா?"

எழுதியிருந்தால் அவள் வேலையும் பெயரும் போயிருக்கும். எழுதாததால் அவை தப்பின. எழுதாமலே ஒரு சின்னப் பிள்ளையை அங்கே வைத்து அடித்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கும் எனக்கும் ஒன்றாக விளங்கியது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. அவள் அழவில்லை. தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஹாலிஎலவுக்கு எப்போது போகலாம் என்று கேட்டாள்.

நாளைக்குப் போகலாம் என்றேன். இன்றைக்கே போகிறேன் என்றாள். நானும் கூடப் போனேன்.

ஹாலிஎல அம்மா எங்களைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்தார். அவள் நேரே உள்ளே போய்க் கையைக் கழுவி, கட்டுத் துணியைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தாள். பெரியவர் அவளை முறைத்துப் பார்த்துக் குழறலாக ஏதோ திட்டினார். இவ்வளவு நாள் எங்கே போனாய் என்பதுதான் அது என்று வீட்டம்மா சொன்னார். பிறகு, ஆசையாக, "எல்லாம் சரியா வந்திருச்சா புள்ள? பொலிசுல ஒன்னையப் பத்தி என்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

அவள் பெரியவரின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தபடி, "என்னையத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிட்டாங்கம்மா," என்றாள்.

"அதுதானே நல்லது," என்று அந்த அம்மா மனம் விட்டுச் சிரித்தார்.

"ஆமாங்க," என்றாள் அவள். அவரை மெதுவாக இடது பக்கம் புரட்டி, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தாள்.